பட்டறைப் பக்கம்: கனத்த குண்டு, மெல்லிய உதை

போன மாதம் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டுவது பற்றி எழுதும்போது, சுடும்போது ரிவால்வர் கையைப் பின்னால் தள்ளும் உதையைப் பற்றியும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் இத்தனை கடிதங்கள். துப்பாக்கி விஷயம் என்பதால் எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் 28 வருடம் ஆயுதக் கிடங்கில் பழுது பார்த்தவன். இப்போது சுங்கை சிப்புட்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். பின்பக்கம் ஒரு சின்னப் பட்டறை உண்டு.

கேள்வி: என் அண்ணன் 30 வருடமாக அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் இருக்கிறார். வயது 68. சனிக்கிழமைதோறும் சுடுதளத்துக்குப் போவார். .357 மேக்னம் என்ற வேகமான தோட்டாவுக்கான ரிவால்வர், அதில் வலு குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாமாம். பித்தளைக் கூட்டில் வெடிமருந்தைப் போட்டு, மேலே குண்டை வைத்துத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார், அங்கே அதற்குத் தடை இல்லையாம். இப்போது மணிக்கட்டில் மூட்டுவாதம். "குண்டைக் கனமாக்கி வெடிமருந்தைக் குறைத்தால் உதை குறைந்துவிடும்" என்கிறார். கனமான குண்டு அதிகமாகத்தானே உதைக்க வேண்டும்? – கம்பார் வாசகி

பதில்: உங்கள் சந்தேகமும் சரி, அண்ணன் சொல்வதும் சரி. நடுவில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

சம்பான் படகிலிருந்து கரைக்குத் தாவியிருக்கிறீர்களா? நாம் முன்னால் போவோம், சம்பான் பின்னால் போகும். மெதுவாகக் காலை எடுத்து வைத்தால் கொஞ்சம்தான் நகரும். எகிறிக் குதித்தால் சர்ரென்று விலகிவிடும். ரிவால்வரும் அப்படித்தான். குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் கைக்குத் திரும்பி வரும் தள்ளு. எடை கூடினால் உதை கூடும் என்பது வேகம் மாறாமல் இருந்தால் மட்டுமே உண்மை. வேகத்தைக் குறைத்துவிட்டால் கதை வேறு.

குண்டின் எடையை கிரெயினில் சொல்வார்கள். நமக்குப் பவுன் கணக்குதான் சட்டென்று புரியும். 158 கிரெயின் குண்டு ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் கூட. 200 கிரெயின் குண்டு ஒன்றரைப் பவுனைத் தாண்டி 13 கிராம் வரும். கிடங்கில் ஒரு தோட்டாவைப் பிரித்து அந்த 200 கிரெயின் ஈயக்குண்டைத் தராசில் வைத்திருக்கிறேன். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். ஆனால் உள்ளங்கையில் வைத்தால் கை லேசாகத் தாழும்.

அமெரிக்காவில் நடக்கும் ஒருவகைச் சுடுதல் போட்டியில், குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 125-ஆவது வர வேண்டும் என்று விதி இருக்கிறது. 158 கிரெயின் குண்டை விநாடிக்கு 800 அடி வேகத்தில் விட்டால் 126 வரும். 200 கிரெயின் குண்டுக்கு 630 அடி வேகம் போதும், அதே 126 வந்துவிடும். இரண்டும் ஒரே தள்ளுதானே, இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். லாபம் மருந்தில் இருக்கிறது. மருந்தும் எரிந்து வாயுவாகி முன்பக்கம்தான் பாய்கிறது, அதுவும் குண்டைவிடப் பல மடங்கு வேகத்தில். அந்தப் பாய்ச்சலும் சேர்ந்துதான் கையை உதைக்கும். கனத்த குண்டை மெதுவாக விட மருந்து குறைவாகப் போதும் என்பதால் அந்தப் பங்கும் குறைகிறது. அதோடு குண்டு குழலில் கொஞ்சம் கூடுதல் நேரம் இருப்பதால் உதை வெடுக்கென்று வராமல் நிதானமாக வரும். கன்னத்தில் அறைவதற்கும் தோளைப் பிடித்துத் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

முழு வேக மேக்னம் தோட்டாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. ஒரு கிலோ ரிவால்வருக்குத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 158 கிரெயின் குண்டு 1,200 அடிக்கு மேல் பாய்ந்தால், மருந்தின் பங்கையும் சேர்த்து, ரிவால்வர் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். 200 கிரெயின் குண்டை மெதுவாக விடும் மெல்லிய தோட்டாவில் அது சுமார் 2.7 மீட்டர். பாதி குறைந்தது போலத் தெரியும். ஆனால் மணிக்கட்டு வாங்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் 12 ஜூல் இருந்த இடத்தில் 4 ஜூலுக்கும் கீழே இறங்கிவிடும்.

இங்கே என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் போட்டிக்குப் போகவில்லை, தாளில் ஓட்டை போட்டால் போதும் என்றால் 200 கிரெயின் குண்டு தேவையே இல்லை. 148 கிரெயினில் மூக்கே இல்லாத, தட்டையான ஈயக்குண்டு ஒன்று இருக்கிறது. இலக்குச் சுடுதலுக்கென்றே வந்தது. விநாடிக்கு 700 அடி வேகத்தில் போகும், காகிதம் துளைக்கும் கருவி போலத் தாளில் சுத்தமாக வட்டம் வெட்டும், உதை இன்னும் குறைவு. மூட்டுவாதக் கைக்கு நான் முதலில் அதைத்தான் சொல்வேன். கனத்த குண்டுதான் பிடிக்கிறது என்றால் சரி, செய்யட்டும். ஆனால் சில விஷயங்களை அவர் காதில் போட்டுவிடுங்கள்.

158 கிரெயின் குண்டுக்குப் போடும் மருந்தளவை 200 கிரெயின் குண்டுக்குப் போடவே கூடாது. கனத்த குண்டு நீளமானது, பித்தளைக் கூட்டுக்குள் ஆழமாக இறங்கும், மருந்துக்கு மிஞ்சும் இடம் சுருங்கும். இடம் சுருங்கினால் அழுத்தம் ஏறும். அந்தக் குண்டுக்கும் அந்த மருந்துக்கும் என்றே மருந்துக் கம்பெனியோ குண்டுக் கம்பெனியோ அச்சிட்ட கையேடு இருக்கும். அதில் ஆரம்ப அளவு என்று போட்டிருக்கும் இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எத்தனை கிரெயின் மருந்து என்று இந்தப் பக்கத்தில் நான் எழுத மாட்டேன். பத்திரிகையில் படித்த எண்ணை நம்பி நிரப்பினால் விரல் போகும்.

இரண்டாவது, .38 ஸ்பெஷல் கூடு 1898-ல் வந்தது. இடத்தை அடைக்கும் கரிமருந்து புழங்கிய காலத்து அளவு. இன்றைய புகையில்லா மருந்தைக் கால் கிராம் போட்டால் கூட்டில் பாதிக்கு மேல் காலியாகவே கிடக்கும். தவறி இரண்டு முறை மருந்து விழுந்தாலும் வழியாது, வெளியே தெரியாது. அதனால் குண்டை வைக்கும் முன் ஐம்பது கூட்டையும் பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். இந்த வேலையின்போது டிவியும் வேண்டாம், பேச்சுத் துணையும் வேண்டாம்.

மூன்றாவதைத்தான் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மழை விட்ட ஒரு மதியம், 25 மீட்டர் சுடுதளம். ஒருவர் ஆறு தோட்டா போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முறை 'டம்' என்று கேட்டது. மூன்றாவது முறை 'டப்'. கதவு சாத்தின சத்தம் மாதிரி. கை உதறவில்லை, தாளிலும் புது ஓட்டை இல்லை. அவர் "தோட்டா சரியில்லை" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்ததற்கு விசையை இழுக்கப் போனார். நான் கத்திய கத்தில் சுடுதளமே நின்றுவிட்டது. சிலிண்டரைத் திறந்து தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்த பிறகு, சுத்தம் செய்யும் கம்பியைக் குழல் வாயில் விட்டேன். பாதி வழியில் 'டக்' என்று நின்றது. அந்த இடத்தில் நகத்தால் பிடித்துக்கொண்டு கம்பியை உருவிக் குழலுக்கு வெளியே வைத்துக் காட்டினேன். சிலிண்டரைத் தாண்டி இரண்டு அங்குலத்தில் குண்டு சிக்கியிருந்தது. அந்தத் தோட்டாவில் மருந்தே விழவில்லை. தோட்டாவின் அடியில் இருந்து மருந்துக்குத் தீ வைக்கும் பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் தள்ளிவிட்டு ஓய்ந்துவிட்டது. அடுத்த குண்டு அதன் முதுகில் போய் மோதியிருந்தால் குழல் வீங்கியிருக்கும், வெடித்தும் இருக்கலாம். பித்தளைக் கம்பியை வைத்து மரச்சுத்தியால் தட்டி எடுத்தோம். அவர் பிறகு ஒரு கோப்பை தே-ஓவைக் குடிக்க அரைமணி நேரம் ஆயிற்று, கை அப்படி நடுங்கியது.

மெல்லிய தோட்டாவை நிரப்புகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். மருந்தைக் கூட்டினால் மட்டும்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அளவுக்கு மீறிக் குறைத்தாலும் குண்டு குழலிலேயே நின்றுவிடும். செப்புப் போர்த்திய குண்டு குழலை இறுக்கிப் பிடிக்கும், ஈயக்குண்டு வழுக்கிப் போகும். அதனால் மெதுவான தோட்டாவுக்கு ஈயம்தான் சரி. சத்தம் மாறினால் நிறுத்து. அண்ணனிடம் இந்த ஒன்றையாவது சொல்லிவிடுங்கள்.

அப்புறம், குறி. மெதுவான கனத்த குண்டு தாளில் மேலே போய் அடிக்கும். இதைக் கேட்டால் பலருக்கு நம்பிக்கை வராது. குண்டு குழலை விட்டுப் போவதற்கு முன்பே உதை தொடங்கி, குழல் வாய் மேலே தூக்க ஆரம்பித்துவிடுகிறது. குண்டு உள்ளே அதிக நேரம் இருந்தால் அதிகம் தூக்கியிருக்கும். பின்பக்கக் குறியைத் திருகி இறக்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் முன்குறி உயரமாக வேண்டும். ஓட்டை வட்டமாக விழுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நீள்வட்டமாக விழுந்தால் குண்டு சுழற்சி போதாமல் பக்கவாட்டில் கவிழ்ந்து போகிறது என்று அர்த்தம். அந்த வேகமும் அந்தக் குண்டும் அந்தக் குழலுக்குப் பொருந்தவில்லை.

கைப்பிடிக்குத் தடித்த ரப்பர் போடுவதும் உதவும். நம் ஊர்ப் பாலில் செய்த ரப்பராக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

கேள்வி: என் பாட்டி துரை பங்களாவில் வேலை செய்தவர். கம்யூனிஸ்டு காலத்தில் துரை இடுப்பில் ரிவால்வர் இல்லாமல் வெளியே வரமாட்டாராம். ஒருநாள் தகர டின்னைச் சுட்டுக் காட்டியபோது துரையம்மாவே ஒரு கையால் சுட்டாராம். அது என்ன துப்பாக்கியாக இருக்கும்? – சுங்கை சிப்புட் மாணவர்

பதில்: தம்பி, எல்லாம் ஆரம்பித்த ஊரிலிருந்தே கேட்கிறீர்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலம் மலாயா முழுக்க விரிந்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்த வருடங்களில் துரைமார் பலவிதத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். பாட்டி பார்த்தது இன்னதுதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் உதைக்காத பிரிட்டிஷ் ரிவால்வர் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது .38/200.

பெயரிலேயே விவரம் இருக்கிறது. .38 என்பது தோட்டாவின் அளவு, 200 என்பது குண்டின் கிரெயின் எடை. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்தது .455 வெப்லி. இரண்டு பவுனுக்கு மேல் எடையுள்ள குண்டு, கனமான ரிவால்வர். அவசரமாகச் சேர்த்த ஆட்களுக்கு அதில் பயிற்சி கொடுத்துத் தேற்றுவது பெரும்பாடாக இருந்தது. எனவே போருக்குப் பிறகு சிறிய தோட்டாவாக, ஆனால் கனத்த குண்டோடு, மெதுவாகப் போவதாக ஒன்றைத் தேடினார்கள். விநாடிக்கு 600 அடிக்குச் சற்று மேல். அதாவது கம்பார் அம்மாவின் அண்ணன் இன்று வீட்டில் உட்கார்ந்து செய்யப் பார்ப்பதை, ஒரு ராணுவம் நூறு வருடத்துக்கு முன்பே யோசித்திருக்கிறது. 1932-ல் என்ஃபீல்ட் ரிவால்வர் அந்தத் தோட்டாவுக்கென வந்தது. வெப்லி மார்க் 4-ம் அதே தோட்டாதான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியும் அதே தோட்டாவுக்கு 5 லட்சத்துக்கும் மேல் ரிவால்வர்களைச் செய்து அனுப்பியது.

வேடிக்கை என்னவென்றால், போர் தொடங்குவதற்கு முன்பே அந்த 200 கிரெயின் ஈயக்குண்டை ராணுவம் கைவிட்டுவிட்டது. மென்மையான ஈயம் உடலுக்குள் விரியும், போர் பற்றிய ஹேக் ஒப்பந்தத்துக்கு அது மாறாகிவிடும் என்று பயந்து, உலோகம் போர்த்திய 178 கிரெயின் குண்டுக்கு மாறினார்கள். பெயரில் மட்டும் 200 ஒட்டிக்கொண்டது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிடங்கின் கடைசி அலமாரியில் பழைய வெப்லி சில இருந்தன. தாழ்ப்பாளை அழுத்தி நடுவில் மடக்கினால் குழல் கீழே சாயும், ஆறு கூடும் ஒன்றாக எழும்பி வெளியே வரும். எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பது என் வேலை. ஒருமுறை சோதித்துச் சுட்டபோது எனக்கே ஆச்சரியம். சத்தத்துக்கு ஏற்ற உதை இல்லை, உள்ளங்கையில் ஒரு தள்ளு, அவ்வளவுதான். பாட்டி சொன்ன துரையம்மா ஒரு கையால் சுட்டதை நான் நம்புகிறேன். பாட்டி இன்னும் இருந்தால், துப்பாக்கி நடுவில் மடங்குமா, இல்லை பக்கவாட்டில் திறக்குமா என்று கேட்டுப் பாருங்கள். மடங்கினால் என்ஃபீல்ட் அல்லது வெப்லி, பக்கவாட்டில் திறந்தால் அமெரிக்க ரிவால்வர்.

கேள்வி: .38 ஸ்பெஷலும் .38/200-ம் ஒன்றா? – தைப்பிங் வாசகர்

பதில்: இல்லை, ஐயா. பெயர்தான் ஏமாற்றுகிறது. .38 ஸ்பெஷல் குண்டின் விட்டம் 0.357 அங்குலம், .38/200-ன் குண்டு 0.361. இரண்டுமே 0.38 இல்லை! அந்த எண் பழைய காலத்தில் பித்தளைக் கூட்டின் வெளி அளவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்பெஷலின் கூடு நீளம், ஒல்லி. மற்றது குட்டை, சற்றுத் தடிமன். போருக்குப் பிறகு அமெரிக்காவில் இந்த .38/200 ரிவால்வர்கள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறையைக் குடைந்து நீளமாக்கி, .38 ஸ்பெஷல் போடும்படி விற்றார்கள். அறையின் பின்பக்கம் அகலமாகவே இருப்பதால் ஒல்லிக் கூடு அதில் உப்பிக்கொள்ளும், சில நேரம் பிளந்தும் போகும். யாராவது உறவினர் அங்கே அப்படி ஒன்றை வாங்கப் போகிறார் என்றால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 22. லேத் வேலை தெரியும். இங்கேயே வீட்டில் தோட்டா நிரப்பிப் பழகலாமா? – தாப்பா வாசகர்

பதில்: கூடாது, தம்பி. விளையாட்டாகக்கூட வேண்டாம். நம் மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் 7 வருடம் வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கியே இருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 வருடம் வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். "அண்ணன் அமெரிக்காவில் செய்கிறார்" என்பது இங்கே எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது.

ஆர்வம் உண்மையானது என்றால் உரிமம் பெற்ற சுடுதல் சங்கத்தில் சேருங்கள். 10 மீட்டர் தூரத்தில் 4.5 மில்லிமீட்டர் குண்டு சுடும் காற்றுத் துப்பாக்கிப் போட்டி ஒலிம்பிக்கிலேயே இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று காற்று ரைபிள் சுட்டார். மூச்சை எங்கே நிறுத்துவது, விசையை எப்படிக் கசிய விடுவது என்பதெல்லாம் அங்கே கற்கலாம். லேத் தெரிந்த கைக்கு அந்த நுணுக்கம் சீக்கிரம் பிடிபடும்.

இன்னொன்று. ரப்பரை அழித்துச் செம்பனை போடும்போது எஸ்கவேட்டர் தோண்டிய மண்ணில் பச்சை பூத்த பழைய தோட்டா கிடக்கலாம். கையால் தொடாதீர்கள், கழுவாதீர்கள், பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். எழுபது வருட மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று எண்ண வேண்டாம். இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டு 999-க்கு அழையுங்கள்.

கேள்வி: நீங்கள் ஈயக்குண்டைப் பற்றி எழுதியதைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. என் வீட்டுக்காரர் வீச்சுவலைக்கு ஈயக்குண்டை அவரே உருக்கி ஊற்றுகிறார், சமையல்கட்டு அடுப்பில். பக்கத்தில் பேரப்பிள்ளை விளையாடுகிறான். ஆபத்து உண்டா? – பாரிட் வாசகி

பதில்: உண்டு, அம்மா. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தோட்டா நிரப்புகிறவர்களுக்கு நான் சொல்வதேதான் வலைக்காரருக்கும்.

ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். அடுப்பு போதும் என்பதால்தான் எல்லோரும் வீட்டில் செய்யத் துணிகிறார்கள். உருகிய ஈயத்தின் மேலே சாம்பல் மாதிரி ஏடு படியும், அதைக் கரண்டியால் ஒதுக்குவார்கள். அந்தத் தூள்தான் எமன். அடுப்பு மேடையில், துணியில், தரையில் படிந்து கைக்கு வந்து, கையிலிருந்து வாய்க்குப் போகும். பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் மூளையை ஈயம் அதிகம் கெடுக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

உருக்கியே ஆக வேண்டும் என்றால் வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யட்டும். பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. இரும்புச் சட்டி ஒன்றை அதற்கென்றே வைத்து, மேலே பெயின்டில் பெரிதாக ஒரு குறி போட்டுவிடுங்கள், யாரும் தவறிச் சமையலுக்கு எடுக்காமல் இருக்க. பழைய வலையிலிருந்து அறுத்த ஈயம் ஈரமாக இருந்தால் சட்டியில் போடவே கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய ஈயத்துக்குள் மாட்டினால் நொடியில் ஆவியாகி, ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். ஒருநாள் வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே போடட்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிய பிறகுதான் பேரனைத் தூக்க வேண்டும். அந்தச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

பேரன் இவ்வளவு நாளும் பக்கத்தில் இருந்திருக்கிறான் என்பதால் அரசாங்க கிளினிக்கில் விவரத்தைச் சொல்லி, ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதுவரை உருக்கிய அந்தச் சமையல் சட்டியைக் கழுவிப் பயனில்லை. இனி அது சமையல்கட்டுக்குள் வர வேண்டாம்.